விடைக்குறிப்பில் ஒரு திருத்தம்

பதவி உயர்வுப் படிவம், பதினான்காம் பக்கம்.
கலப்புமுறைக் கற்பித்தலில் தங்கள் பங்களிப்பு யாது?
சான்று இணைக்க. உச்சம் பத்து மதிப்பெண்.

இணைத்திருக்கிறேன்.
காணொளிப் பாடம் அறுபத்து மூன்று.
அவற்றில் நான்கில், நான் வினைச்சொல்லை விளக்கும்போது
சன்னலுக்கு வெளியே ஒருவர் நகரை மீனுக்கு விலை சொல்கிறார்.
வெட்டியெடுக்கத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.
பிள்ளைகள் அந்த நான்கைத்தான்
திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்கிறது கணக்கு.

பத்தொன்பது வருடம்.
கீழக்கரையில் முதல் பேருந்து,
ராமநாதபுரத்தில் மாறி, உச்சிப்புளி தாண்டி
மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கம்.
ஆங்கிலத் துறை என்றால் நானும் ஒரு பீரோவும்.
சாக்பீஸ் உப்புக் காற்றில் ஊறி எழுத மறுக்கும்.
பெருந்தொற்றில் வகுப்பு செல்போனுக்குள் போனது.
தொற்று ஓய்ந்த பிறகும் பாதி அங்கேயே தங்கிவிட்டது.
அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்.
கோவைக்குப் போய் ஒரு வாரம் பயிற்சி எடுத்து வந்தேன்.

பயிற்சியில் சொல்லாதது:
அரிச்சல்முனைப் பக்கம் போனால்
இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வரும்.
அந்த நல்வரவு இருப்புக் காசைத் தின்றுவிடுமென்று
போனை அணைத்து வைக்கிற வீடுகளிலிருந்து
எனக்கு வீட்டுப்பாடம் வரவேண்டும்.
வந்தது.
இரவு பதினொன்று, விடிகாலை மூன்று,
ஐஸ் உடைக்கிற சத்தத்தோடு
குரல் பதிவுகள்.

தானே திருத்திக்கொள்ளும் வினாத்தாள், என் பெருமை.
ஹேஸ் பீன் என்றால் போய்த் திரும்பியாயிற்று.
ஹேஸ் கான் என்றால் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.
பத்துக் கேள்வி. பிசகினால் சிவப்பு.

தங்கச்சிமடம் இன்ஃபன்டாவுக்கு ஏழாவது தவறு.
அண்ணன் வீட்டில் இல்லை. கடலுக்கு, கோடிட்ட இடம்.
ஹேஸ் பீன் போட்டிருந்தாள்.
மறுவாய்ப்பு: ஹேஸ் பீன்.
மூன்றாம் முறையும்.
மற்ற ஒன்பதும் சரி.

செவ்வாய்க்கிழமை நேர்வகுப்பில் எழுப்பிக் கேட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

"விடை தெரியும் மேடம்.
எங்க வீட்ல போறேன்னு சொல்லிட்டு யாரும் இறங்க மாட்டாங்க,
போயிட்டு வாரேன்னுதான்.
சனிக்கிழமை போன படகு.
பிடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க, எந்த ஜெயில்னு தெரியல.
நானே எப்படி மேடம் அத அமுக்குறது?"

சாயங்காலம் நிறுத்தத்தில் நின்றபடி
விடைக்குறிப்பைத் திறந்தேன்.
ஏழு: இரண்டும் சரி.
மென்பொருள் விடவில்லை.
மாற்றத்துக்குக் காரணம் கேட்டது, நூற்று நாற்பது எழுத்துக்குள்.
காலச்சொல் பற்றி, இதே காலச்சொல் பற்றி,
முந்நூறு பக்கம் எழுதி முனைவரானவள்
மூன்று பேருந்தைத் தவறவிட்டு
கடைசியில் தட்டினேன்:
வட்டார வழக்கு.

நாற்பத்தொரு நாள் கழித்து ஒரு குரல் பதிவு.
ஆறு நொடி. பின்னால் யாரோ
குழம்பில் புளி போதாது என்கிறார்கள்.
"மேடம், அண்ணன் ஹேஸ் பீன்.
படகுதான் ஹேஸ் கான்."

நல்லது என்று அனுப்பினேன்.
படகுக்கு அது பொருந்தாதே என்று அழித்தேன்.
பிறகு அண்ணனுக்காக மறுபடி அனுப்பினேன்.
அவள் மூன்றையும் பார்த்திருப்பாள்,
அழித்ததையும் காட்டிக்கொடுக்கும் இந்தக் கருவி.

இந்த ஆறு நொடியைச் சான்றாக வைக்கலாமென்று
அழுத்திப் பார்க்கிறேன்.
பிடிஎஃப் மட்டும் ஏற்கப்படும்.

பத்துக்கு ஏழு போட்டுக்கொண்டேன்.
பதினைந்தாம் பக்கம்:
ஆய்வுக் கட்டுரைகள், இருந்தால்.